“உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்” என்கிறார்கள், பிறகு சங்கம் எதற்கு?

மூன்றாம்மாடி (தொடக்கப் பதிவு)

வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் வேலை செய்கிறேன். மொத்தம் 400 பேர் இருப்போம். ஊழியர்களைக் கேட்காமல் எதையும் செய்வதில்லை என்பது எங்கள் நிர்வாகத்தின் பெருமை. ஆண்டுக்கு இரண்டு முறை பெயர் கேட்காத கருத்துக்கணிப்பு, மாதம் ஒரு பொதுக்கூட்டம், தலைமை அதிகாரியின் அறைக்கதவு எப்போதும் திறந்திருக்கும் என்ற அறிவிப்பு. போதாததற்கு ‘குரல் குழு’ என்று 12 பேர் கொண்ட ஒரு குழு. அந்தப் பன்னிரண்டில் நானும் ஒருவன். எச்.ஆர். பெயர் சொல்லி அழைத்தார்கள், போய் உட்கார்ந்தேன்.

இரண்டு மாதம் முன்பு எல்லாருடைய கணினியிலும் ஒரு மென்பொருளை ஏற்றினார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரையைப் படம் பிடிக்கும். விசைப்பலகை சும்மா கிடக்கும் நேரத்தைக் கணக்கெடுக்கும். அதே வாரம் ஷிப்ட் பட்டியல் போடும் முறையும் மாறியது. வெள்ளிக்கிழமை மாலை வருகிற பட்டியல் திங்கள் காலையே நடைமுறைக்கு வந்துவிடுகிறது. குரல் குழுவில் இரண்டையும் எழுப்பினோம். “கவனத்தில் எடுத்துக்கொண்டோம், நன்றி” என்றார்கள். மூன்று கூட்டத்திலும் அதே வாக்கியம்தான்.

இப்போது பக்கத்து இருக்கைக்காரர் சங்கம் அமைக்கலாம் என்கிறார். எனக்குத் தயக்கம். சங்கம் என்றதும் கொடி, கோஷம், வாசல் மறியல் என்றுதான் மனதில் படம் ஓடுகிறது. நாங்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசுகிறவர்கள். இத்தனை வழிகள் இருக்கும்போது சங்கம் கூடுதலாக என்ன செய்துவிடும்? நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், சண்டைக்கு இல்லை.

---

காகிதப்புலி

ஒன்றும் செய்யாது. மாதச் சந்தா பிடிக்கும். தலைவர் ஒருவர் வருவார், நிர்வாகத்தோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்வார், அவருடைய ஆளுக்கு வசதியான ஷிப்ட் கிடைக்கும். நான் இரண்டு இடத்தில் பார்த்துவிட்டேன்.

---

மனிதவளம்தான்

நான் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன், எச்.ஆரில் ஒன்பது ஆண்டுகள். திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் கேளுங்கள்.

குரல் குழு மாதிரி அமைப்புகளை எல்லாரும் ஏமாற்றுவதற்காகத் தொடங்குவதில்லை. கழிப்பறை பழுது, பேருந்து நேரம், பயிற்சி வகுப்பு, மேற்பார்வையாளர் ஒருவரின் பேச்சு இவையெல்லாம் அங்கே வருகின்றன, தீர்கின்றன. சங்கம் வந்தால் எல்லாமே விதிப்புத்தகமாகிவிடும். இன்றைக்கு ஒருவர் சொந்தக் காரணத்துக்காக ஷிப்ட் மாற்றிக் கேட்டால் நான் ஒரு போனில் முடித்துக் கொடுக்கிறேன். நாளைக்கு ‘அவருக்குக் கொடுத்தாயே’ என்று இன்னொருவர் ஒப்பந்தத்தை நீட்டினால் யாருக்கும் கொடுக்க முடியாது.

ஆனால் மூன்று கூட்டத்தில் ஒரே பதில் என்பது மோசம். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

---

பழையசெயலாளர்

> இன்றைக்கு ஒருவர் சொந்தக் காரணத்துக்காக ஷிப்ட் மாற்றிக் கேட்டால் நான் ஒரு போனில் முடித்துக் கொடுக்கிறேன்.

அந்தப் போனை எடுத்து உங்களிடம் பேசத் துணிந்தவருக்கு முடித்துக் கொடுக்கிறீர்கள். பேசத் தெரியாதவர், புதிதாகச் சேர்ந்தவர், மேலாளருக்குப் பிடிக்காதவர் இவர்களுக்கு அந்த நம்பரே தெரியாது. நீங்கள் நல்லவர் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அடுத்த ஆண்டு உங்கள் நாற்காலியில் வேறொருவர் இருப்பார்.

தம்பி மூன்றாம்மாடி, 22 ஆண்டு சங்கத்தில் இருந்தேன், அதில் எட்டு ஆண்டு செயலாளர். கொடி பிடித்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதி நாளெல்லாம் மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்தேன், விசாரணையில் பக்கத்தில் உட்கார்ந்தேன், ஓவர்டைம் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். சங்க வேலையில் முக்கால்வாசி குமாஸ்தா வேலை. மறியல் மட்டும்தான் படத்தில் வரும், ஏனென்றால் கூட்டிக் கழிப்பதைப் படம் பிடித்தால் யார் பார்ப்பார்கள்?

ஒன்று கேட்கிறேன். உங்கள் குரல் குழு கேட்டதற்கு நிர்வாகம் பதிலே சொல்லவில்லை என்றால் என்ன ஆகும்?

---

மூன்றாம்மாடி

ஒன்றும் ஆகாது. அடுத்த மாதம் மறுபடி கூடுவோம்.

---

பழையசெயலாளர்

செவிடன் காதில் ஊதிய சங்கு. அதைத்தான் சொல்ல வந்தேன். உங்களை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் சொல்லியே தீரவேண்டும் என்ற கட்டாயம் யார் மீது இருக்கிறது? அது இல்லாத இடத்தில் இருப்பது பெட்டிதான். கருத்துப் பெட்டி, கருத்துக்கணிப்பு, குரல் குழு என்று பெயர் மாறும், பூட்டு ஒன்றே.

---

பாராவிதி

தொழிலாளர் சட்டம் படித்தவன் என்பதால் ஒரு சின்னக் கதை சொல்கிறேன். மூன்றாம்மாடி சொன்னதற்கு அப்படியே பொருந்துகிறது.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் எலக்ட்ரோமேஷன் என்ற மின்பாகத் தொழிற்சாலை. 1989-இல் சம்பளம், வருகை விதிகள் பற்றி ஊழியர்களிடம் புகைச்சல். நிர்வாகமே சில ‘செயற்குழுக்களை’ அமைத்தது. எதைப் பேசலாம் என்று தலைப்புகளை அதுவே வகுத்தது, ஒவ்வொரு குழுவிலும் தன் ஆட்களையும் உட்கார வைத்தது. தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 1992-இல் இது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. 1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊழியர்கள் சார்பில் சம்பளம், வேலை நேரம் பற்றி நிர்வாகத்தோடு பேசுகிற அமைப்பை நிர்வாகமே உருவாக்கி ஆட்டிவைக்கக் கூடாது. இந்தத் தடையைத் தளர்த்த நாடாளுமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. 1996-இல் அதிபர் கிளின்டன் அதைத் தடுத்துவிட்டார்.

எல்லா நாட்டிலும் இப்படித் தடை இல்லை. ஆனால் தடை எதற்கு வந்தது என்பதைப் பாருங்கள். 1920-களிலும் 30-களிலும் அங்கே கம்பெனிகளே நடத்திய ‘சங்கங்கள்’ ஏராளம். ஊழியர் வாய் திறக்கும் முன்பே வாயின் அளவில் ஒரு மூடியைச் செய்து வைத்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை.

---

மனிதவளம்தான்

அந்தத் தீர்ப்பு எங்கள் துறையில் பிரபலம். நல்ல எண்ணத்தில் அமைக்கிற குழுவுக்கும் அது அடி என்று அப்போதே பலர் எழுதினார்கள். சங்கமும் வேண்டாம், குழுவும் கூடாது என்றால் சாதாரண ஊழியருக்கு மிஞ்சுவது என்ன? மௌனமா? அமெரிக்கத் தனியார் துறையில் சங்கத்தில் இருப்பவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். மீதி 94 பேர் எங்கே போய்ப் பேசுவது?

---

பாராவிதி

நியாயமான கேள்வி. மழுப்பாமல் சொன்னால், அந்த நாட்டு ஏற்பாட்டில் அது பெரிய ஓட்டைதான். ஓர் இடத்தில் சங்கம் பெரும்பான்மை வாக்கு வாங்கினால் முழு அதிகாரம், வாங்காவிட்டால் பூஜ்யம்.

ஆனால் எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. பிரான்சில் சங்க உறுப்பினர்கள் பத்தில் ஒருவர்தான். ஆனால் சங்கங்கள் போடும் கூட்டு ஒப்பந்தம் பத்தில் ஒன்பது ஊழியருக்கும் மேல் பொருந்துகிறது, அரசு அதைத் துறை முழுவதற்கும் விரித்துவிடுவதால். உறுப்பினர் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு நாட்டின் சங்கத்தை எடை போட்டால் தப்பாகத்தான் வரும்.

---

நாலுமணிரயில்

நான் ஜெர்மனியில் வேலை செய்கிறேன். மூன்றாம்மாடி எழுதியதைப் படித்ததும் முதலில் தோன்றியது, திரையைப் படம் பிடிக்கும் அந்த மென்பொருள் இங்கே அப்படி வந்திருக்க முடியாது என்பதுதான்.

இங்கே சங்கம் தனி, பணியாளர் மன்றம் தனி. ஐந்து நிரந்தர ஊழியர் இருந்தாலே மன்றம் தேர்ந்தெடுக்கலாம். தானாக வராது, ஊழியர்கள்தான் தேர்தல் நடத்திக்கொள்ள வேண்டும். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ரகசிய வாக்கு. செலவு முழுக்க நிறுவனத்துடையது. 200 பேரை எட்டினால் ஒருவரை முழுநேரமும் மன்ற வேலைக்கே விட்டுவிட வேண்டும். மன்றத்தில் இருப்பவரைச் சாதாரணமாக வேலையை விட்டு அனுப்ப முடியாது.

அதிகாரம் பெயரளவில் இல்லை. வேலை தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஓவர்டைம், விடுமுறைப் பட்டியல், ஊழியரின் நடத்தையையோ வேலையையோ கண்காணிக்கக்கூடிய எந்தக் கருவியும், இவற்றில் மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் நிர்வாகம் தனியாக முடிவெடுக்க முடியாது. ‘கண்காணிக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை’ என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. கருவி அதைச் செய்யக்கூடியதாக இருந்தாலே போதும் என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. ஒத்துவராவிட்டால் இரண்டு பக்கத்திலும் சம எண்ணிக்கையில் ஆட்கள், நடுவில் பொதுவான தலைவர் ஒருவர் என்று ஒரு சமரசக் குழு அமையும். அது சொல்வது இரண்டு தரப்பையும் கட்டுப்படுத்தும். ஒருவரை வேலையை விட்டு நீக்குவதென்றால் மன்றத்தைக் கேட்காமல் கொடுத்த நோட்டீஸ் செல்லாது.

எங்கள் இடத்தில் அழைப்புகளைப் பதிவு செய்யும் புது மென்பொருள் வந்தது. மன்றம் நான்கு மாதம் இழுத்தது. கடைசியில் வந்ததா என்றால் வந்தது. ஆனால் பதிவு 30 நாளில் அழியும், தனி ஆளின் மதிப்பெண் மேலாளருக்குப் போகாது, குழுவின் சராசரி மட்டுமே போகும். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட தாள் சுவரில் தொங்குகிறது.

குறையும் சொல்லிவிடுகிறேன். மன்றம் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது, அது சங்கத்துக்கு மட்டும் உள்ள உரிமை. சின்ன நிறுவனங்கள் பலவற்றில் மன்றமே கிடையாது, கேட்கும் துணிச்சல் யாருக்கும் வருவதில்லை.

---

காகிதப்புலி

நான்கு மாதம் ஒரு மென்பொருளுக்கு. அதற்குள் போட்டி நிறுவனம் பத்து மென்பொருள் மாற்றியிருக்கும்.

---

நாலுமணிரயில்

இருக்கலாம். எங்கள் நிறுவனம் இன்னும் மூடவில்லை 🙂

---

சைக்கிள்செயின்

உங்களுக்கெல்லாம் மேலாளர் என்று ஒரு மனிதராவது இருக்கிறார். நான் ஆப்பில் டெலிவரி ஓட்டுகிறேன். போன ஆண்டு ஒரு நாள் காலை ஆப்பைத் திறந்தால் ‘உங்கள் கணக்கு முடக்கப்பட்டது’. ஏன் என்று கேட்க ஒரு சாட் பெட்டி. அது ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 11 நாள். பிறகு அதே மாதிரி ஒரு காலையில் திறந்துகொண்டது. எதற்கு மூடினார்கள், எதற்குத் திறந்தார்கள் என்று இன்று வரை தெரியாது.

நான் ஊழியனே இல்லையாம், ‘பங்குதாரர்’. பங்குதாரருக்கு எதற்குச் சங்கம் என்கிறார்கள். குரல் என்று பேசுகிறீர்களே, காது எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

---

பாராவிதி

சைக்கிள்செயின், இதில் கொஞ்சம் நகர்வு இருக்கிறது. 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள் அல்ல, ‘பணியாளர்கள்’ என்று சொன்னது. கட்டணத்தை நிறுவனம் வைக்கிறது, நிபந்தனையை நிறுவனம் எழுதுகிறது, மதிப்பெண்ணை வைத்து ஆளை நீக்குகிறது, இதில் சுயதொழில் எங்கே இருக்கிறது என்பதுதான் வாதம். ஒப்பந்தத் தாளில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதை விட உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். அதே ஆண்டு ஸ்பெயின், உணவு டெலிவரி ஓட்டுபவர்களை ஊழியர்களாகவே கருதும் சட்டத்தைக் கொண்டுவந்தது. வேலையைப் பாதிக்கிற அல்காரிதம் எந்த அடிப்படையில் முடிவெடுக்கிறது என்பதை ஊழியர் பிரதிநிதிகளுக்குச் சொல்ல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விதி இன்னும் நேரடியானது. ஒருவரின் கணக்கை இயந்திரம் மட்டும் முடிவெடுத்து முடக்கக் கூடாது, ஒரு மனிதர்தான் முடிவெடுக்க வேண்டும், காரணம் எழுத்தில் தரவேண்டும்.

இவை ஒன்றும் தானாக வந்தவை அல்ல. ஊபர் வழக்கு ஓட்டுநர்கள் போட்டது, அவர்களுக்குப் பின்னால் சங்கம் நின்றது.

---

மூன்றாம்மாடி

நிறைய எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனாலும் ஒரு சந்தேகம். சங்கமே இல்லாமல் பெரிய கூட்டம் குரல் கொடுத்து ஜெயித்ததும் இருக்கிறதே? 2018 நவம்பரில் கூகுள் ஊழியர்கள் 20,000 பேர் உலகம் முழுவதும் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். பாலியல் தொல்லைப் புகாரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக விடாமல் நடுவர் மன்றத்துக்கே தள்ளும் விதியை நிறுவனம் ஒரே வாரத்தில் கைவிட்டது. சந்தா இல்லை, கொடி இல்லை.

---

பழையசெயலாளர்

ஜெயித்தது உண்மை. அடுத்த வரியையும் படியுங்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் இரண்டு பேர் தங்களைப் பழிவாங்கியதாகச் சொன்னார்கள், நிறுவனம் மறுத்தது. 2019-இல் இருவரும் வேலையை விட்டுப் போனார்கள். 2021 ஜனவரியில் அதே நிறுவனத்தில் மற்ற ஊழியர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஒரு நாள் வெளியே வந்து நிற்க 20,000 பேர் கிடைப்பார்கள். முன்னால் நின்றவருக்கு ஆறு மாதம் கழித்து மெமோ வரும்போது பக்கத்தில் நிற்க அந்தக் கூட்டம் எங்கே இருக்கும்? அதற்காகத்தான் சந்தா, பதிவேடு, செயலாளர் என்கிற சலிப்பான விஷயமெல்லாம்.

காகிதப்புலிக்கும் ஒன்று. நீங்கள் பார்த்தது பொய் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க மோட்டார் தொழிலாளர் சங்கத்தில் இரண்டு முன்னாள் தலைவர்கள் சங்கப் பணத்தைத் தின்றதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது? தலைவரை உறுப்பினர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை வேண்டுமா என்று 2021-இல் வாக்கெடுப்பு நடந்தது, வேண்டும் என்றார்கள். உங்கள் சங்கத்தில் கடைசியாக எப்போது தேர்தல் நடந்தது? வரவு செலவுக் கணக்கைக் கேட்டீர்களா?

---

காகிதப்புலி

தேர்தலா? ஒருமனதாகத் தேர்வு. ஆண்டுதோறும் ஒருமனது. கணக்குக் கேட்டேன், ‘நீ நிர்வாகத்தின் ஆளா’ என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

சரி, விட்டது என் தப்பு என்று சொல்லப்போகிறீர்கள்.

---

பழையசெயலாளர்

சொல்ல மாட்டேன். ஒருத்தராகக் கேட்டதால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. நிர்வாகத்திடம் தனியாகக் கேட்டால் நடப்பதுதான் அங்கேயும் நடந்திருக்கிறது. சங்கத்துக்கு உள்ளேயும் குரல் வேண்டும். எங்கள் காலத்தில் நாங்களும் அதில் ஒழுங்காக இருக்கவில்லை. பெண் ஊழியர்கள் சொன்னதை முதல் பத்து ஆண்டு நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, ஓய்வறை கேட்ட தீர்மானத்தை இரண்டு முறை ஒத்திவைத்தவன் நான்.

---

இரவுப்பணி

நீண்ட நாளாக வாசிக்க மட்டும் செய்பவள். ஆடை ஏற்றுமதித் துறையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்ததால் இதை எழுதுகிறேன்.

வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடம் இடிந்தது 2013 ஏப்ரல் 24. இறந்தவர்கள் 1,134 பேர். எங்கள் துறையில் எல்லாருக்கும் இந்த எண் தெரியும். ஆனால் முதல் நாள் நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். 23-ஆம் தேதி சுவரிலும் தூணிலும் விரிசல் கண்ணுக்குத் தெரிந்தது. ஆட்களை வெளியே அனுப்பினார்கள். மறுநாள் அதே கட்டடத்தில் இருந்த வங்கிக் கிளை திறக்கவில்லை, கடைகளும் திறக்கவில்லை. தையல் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். உள்ளே போகாவிட்டால் சம்பளம் போகும் என்ற பயம். அங்கிருந்த ஐந்து ஆலைகளில் ஒன்றிலும் சங்கம் இல்லை.

யாருக்கும் விரிசல் தெரியாமல் இல்லை. வாயும் இருந்தது. வாசலில் நின்று தயங்கியவர்கள் இருந்தார்கள். ‘நான் உள்ளே வரமாட்டேன்’ என்று ஒரு பெண் தனியாகச் சொன்னால் அவள் வேலை போகும். எல்லாரும் சேர்ந்து சொல்ல ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டு உலகளாவிய சங்கக் கூட்டமைப்புகளோடு ஆடை நிறுவனங்கள் அடுத்த மாதமே போட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தில், ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமை எழுத்தில் வந்தது. அதுவும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். அதற்கு முன்பும் நிறுவனங்கள் ஆய்வாளர்களை அனுப்பிக்கொண்டுதான் இருந்தன. ஆய்வாளர் வந்தால் தொழிலாளரிடம் கேள்வி கேட்பார், மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்பார், தொழிலாளி ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்பார். அந்தப் படிவங்களை நானே நிரப்பியிருக்கிறேன்.

---

மனிதவளம்தான்

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

---

நட்டுக்கழற்றி

இயந்திரத் தொழிற்சாலைக்காரன் என்ற முறையில் நானும் ஒன்று. சங்கமும் வேகமும் எதிரி என்று காகிதப்புலி நினைக்கிறார். கலிபோர்னியாவில் பிரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை இருந்தது. வேலைக்கு வராமல் போவது, சண்டை, ஆயிரக்கணக்கில் புகார் மனு எல்லாவற்றுக்கும் பெயர் போன ஆலை. 1982-இல் மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவோடு கூட்டு சேர்ந்து அதே இடத்தில் திறந்தார்கள். பெரும்பாலும் அதே ஆட்கள், அதே சங்கம். இரண்டு ஆண்டுக்குள் தரத்தில் அந்த நாட்டின் நல்ல ஆலைகளில் ஒன்றாகிவிட்டது.

மாறியது என்ன? பழைய ஆலையில் ஓடும் வரிசையை நிறுத்தினால் ஆளைத் தொலைத்துவிடுவார்கள். புதியதில் வரிசையை நிறுத்தத் தலைக்கு மேல் ஒரு கயிறு. தப்பு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்தால் குழுத்தலைவர் ஓடிவருவார், திட்டுவதற்கு இல்லை, உதவுவதற்கு. ஆனால் கயிறு மட்டும் தொங்கினால் எவனும் இழுக்க மாட்டான். சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் ஆட்குறைப்பைக் கடைசி வழியாகத்தான் எடுப்போம் என்று எழுதியிருந்தார்கள். விற்பனை விழுந்த 1980-களின் கடைசியிலும் ஆளை அனுப்பாமல் பயிற்சி வகுப்பில் உட்கார வைத்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் கயிறு மேல் நம்பிக்கை வந்தது.

எங்கள் ஆலையிலும் கயிறு இருக்கிறது. தூசி படிந்திருக்கிறது. ஏன் என்று ஆண்டுதோறும் ஓர் ஆலோசகரை வரவழைத்துக் கேட்கிறார்கள்.

---

மனிதவளம்தான்

கயிறு விஷயம் நன்றாகச் சொன்னீர்கள். சரி, நான் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கருத்துக்கணிப்பில் பெயர் கேட்பதில்லை. ஆனால் பிரிவு, வயது வரம்பு, எத்தனை ஆண்டுச் சர்வீஸ் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சின்னப் பிரிவுகளில் ஆள் தெரிந்துவிடும். நான் தேடிப் பார்த்ததில்லை. தேடச் சொல்லி ஒரு மேலாளர் என்னிடம் கேட்டிருக்கிறார்.

---

காகிதப்புலி

ஒன்பது ஆண்டில் முதல் நல்ல பதிவு.

---

பாராவிதி

மூன்றாம்மாடிக்கு நடைமுறையாகச் சில. எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம்.

சங்கமாகச் சேரும் உரிமையும் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98-ஆம் உடன்படிக்கைகளில் இருக்கின்றன, 1948, 1949-ஆம் ஆண்டுகளில் வந்தவை. ஆனால் அவற்றை நம்பி நாளைக்கே மேலாளர் அறைக்குள் போகாதீர்கள். அமெரிக்கா, சீனா, இந்தியா மூன்றுமே இரண்டையும் ஏற்காத நாடுகள். உங்கள் நாட்டுச் சட்டத்தில் எத்தனை பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம், சேர்ந்ததற்காக வேலையை விட்டு நீக்கினால் என்ன தண்டனை என்பதை முதலில் பாருங்கள். பிரிட்டனில் ஒழுங்கு நடவடிக்கை விசாரணைக்குச் சக ஊழியரையோ சங்க ஆளையோ கூட அழைத்துப் போகும் உரிமை 1999 சட்டத்திலிருந்து எல்லாப் பணியாளருக்கும் இருக்கிறது, அந்த இடத்தில் சங்கத்துக்கு அங்கீகாரம் இல்லாவிட்டாலும். இப்படி உங்கள் நாட்டிலும் யாரும் பயன்படுத்தாத ஒரு விதி கிடக்கலாம்.

சங்க நடவடிக்கைக்காக நஷ்டஈடு வழக்கு வருமா என்பதும் முக்கியம். பிரிட்டனில் டாஃப் வேல் ரயில் நிறுவனம் வேலைநிறுத்தத்துக்காகச் சங்கத்தின் மீது வழக்குப் போட்டு ஜெயித்தது 1901-இல். அதைத் துடைக்க 1906-இல் சட்டம் வந்தது. 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கும் இதே கதை. அதன் தலைவர் பி.பி.வாடியா மீது ஆலை நிர்வாகம் நீதிமன்றத்துக்குப் போனது, 1926-இல் வந்த தொழிற்சங்கச் சட்டம்தான் அப்படிப்பட்ட வழக்கிலிருந்து பாதுகாப்புக் கொடுத்தது. அதனால் பதிவு என்பதைச் சடங்காக நினைக்காதீர்கள்.

அப்புறம், அலுவலகக் கணினியில் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் பிடிக்கிறார்கள் என்று நீங்களே சொன்னீர்கள்.

---

மூன்றாம்மாடி

> அலுவலகக் கணினியில் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள்.

வீட்டு போனில்தான் எழுதுகிறேன் 🙂

---

மூன்றாம்மாடி (ஐந்து வாரம் கழித்து)

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பழையசெயலாளர் கேட்ட கேள்வியையே குரல் குழுவில் கேட்டேன். மூன்று கோரிக்கை வைத்தோம். குழு உறுப்பினர்களை ஊழியர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுப்பும் ஒவ்வொரு விஷயத்துக்கும் 14 நாளில் எழுத்தில் பதில் வேண்டும், ‘முடியாது’ என்றால் காரணத்தோடு. குழுவில் பேசியதற்காக யார் மீதும் நடவடிக்கை கூடாது என்பதை எழுதித் தர வேண்டும்.

இரண்டாவதற்கு உடனே சரி என்றார்கள். மூன்றாவது ‘எங்கள் பண்பாட்டிலேயே இருக்கிறது, எழுத வேண்டியதில்லை’. முதலாவது, ‘தேர்தல் வைத்தால் அரசியல் வந்துவிடும்’.

எழுத்தில் பதிலும் வந்தது. ஷிப்ட் பட்டியல் இனி புதன்கிழமையே வருமாம். நிஜமாகவே மாற்றிவிட்டார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. மென்பொருளுக்கு மட்டும் ‘பாதுகாப்புக் காரணங்களுக்காக’ என்று இரண்டே வார்த்தை. அதற்கு அடுத்த வாரம் குழுவில் அதிகம் பேசிய பெண்ணை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு என்று சொன்னார்கள். சம்பளம் ஏறவில்லை.

அன்று மாலை வெளியே ஓர் இடத்தில் 16 பேர் கூடினோம். குரல் குழுவில் இருந்து ஏழு பேர்.

---

மனிதவளம்தான்

அந்த மாற்றத்தை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தேதியோடு. நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

---

மூன்றாம்மாடி

வாங்கிவிட்டார்.

இப்போது ஒரே பிரச்சினை. நிர்வாகத்துக்குக் கொடுக்க ஒரு கடிதம் தயார். கையெழுத்துப் போடத் தாளைச் சுற்றில் விட்டோம். திரும்பி வந்தபோது பார்த்தால் எல்லாரும் இரண்டாவது வரியிலிருந்து போட்டிருக்கிறார்கள். முதல் வரி காலி. யாரையும் குறை சொல்ல முடியவில்லை, நானும் நாலாவதில்தான் போட்டிருக்கிறேன்.

---

பழையசெயலாளர்

தம்பி, பழைய காலத்து ஆங்கிலேய மாலுமிகளுக்கும் இதே பிரச்சினை இருந்தது. கப்பல் தலைவனிடம் மனுக் கொடுத்தால் முதல் பெயர்க்காரனைக் கலகத் தலைவன் என்று தண்டிப்பான். அதனால் மனுவைச் சுற்றி வட்டமாகக் கையெழுத்துப் போட்டார்கள். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

---

மூன்றாம்மாடி

வட்டம் போட என்ன இருக்கிறது என்று மேசையைத் துழாவினேன். ஒட்டும் டேப் உருளை ஒன்று கிடைத்தது. 16 பெயருக்கு அது சின்னது. பெரிதாக ஏதாவது தேடிக்கொண்டிருக்கிறேன்.